மாப்பிள்ளை வண்டியின் பெட்ரோல் வாசம்

நாமக்கல்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தமிழரசு அவர்களுக்கு, மாமன் மயில்சாமி கைப்பட எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை சௌந்திரம், கிருத்திகா, அவள் வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளை, பண்ணைக் கோழிகள் எல்லாரும் சுகம். பூனாவில் உங்கள் சுகத்தையும், அங்கே மழை விட்டதா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம். எல்லார் சுகமும் எழுதியாயிற்று. இனி உங்கள் வண்டியின் சுகத்தைப் பற்றி.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் "மாப்பிள்ளை, உங்க வண்டி" என்று ஆரம்பித்ததுமே உங்கள் அத்தை போனைப் பிடுங்கி "சாப்பிட்டீங்களா சாமி" என்று கேட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகு வண்டிப் பேச்சு வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் அக்கா மகன் சிவக்குமாரை விட்டுப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புவேன். எழுத்து புரியாவிட்டால் விரலால் பெரிதாக்கிப் படிக்கவும்.

நீங்கள் பூனாவுக்குக் கிளம்பும்போது, "மாமா, இது பழைய ஸ்போர்ட்ஸ் காருங்க, என்ற உசுரு இதுலதான் இருக்குது, வாரத்துக்கு ஒருக்கா ஓட்டி வெச்சிருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். லாரி ஓட்டிப் பிழைத்தவனுக்கு இந்தக் குட்டிக் கார் பெரிதா என்று நானும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பெருமை, கிருத்திகா பிரசவத்துக்கு வந்து இறங்கிய அன்றோடு போயிற்று. வாசலில் கால் வைத்தவள், "அப்பா, பெட்ரோல் நாறுதுங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வாந்தி எடுத்தாள். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. டீசலிலும் கோழி எருவிலும் ஊறின மூக்கு இது. அவளோ, "ஒண்ணு அந்த வண்டி இங்க இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும். நான் வெண்ணந்தூருக்கே போயி பெத்துக்கறேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் இருக்க முடியாமல் மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போனாள் என்றால், உங்கள் அப்பா அம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? சரி, வண்டியைப் பண்ணைக்கு ஓட்டிப் போகலாம் என்றால், அந்த மண்தடத்தில் வண்டியின் அடிவயிறு தட்டுகிறது. தெருவில் நிறுத்தலாம் என்றால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? மகளா மாப்பிள்ளை வண்டியா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை.

கசிவைக் கண்டுபிடித்துவிட்டால் வம்பில்லை என்று நானும் சிவக்குமாரும் இறங்கினோம். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன், அவனுக்குத் துணிச்சல் ஜாஸ்தி. முன்னால் பானெட்டைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். "மாமா, என்ஜினக் காணோமுங்க!" முதலில் போலீசுக்குச் சொல்வதா உங்களுக்குச் சொல்வதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, "நேத்துத்தானங்க மாமா ஓட்டுனோம்?" என்று அவனே கேட்டான். என்ஜின் களவு போனதைவிட, என்ஜின் இல்லாமல் நேற்று எப்படி ஓடியது என்பது பெரிய குழப்பமாகிவிட்டது. கிருத்திகாதான் ஜன்னல் வழியாக, மூக்கைப் பொத்தியபடியே, "என்ஜின் பின்னால இருக்குதுங்கப்பா, முன்னால இருக்கறது பெட்ரோல் டேங்க்" என்று சொல்லி எங்கள் மானத்தை வாங்கினாள்.

எந்த இடத்தில் சொட்டுகிறது என்று தெரிய வேண்டுமே என்று, பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் பரப்பினோம். எந்தக் குழி நனைகிறதோ அதற்கு நேர் மேலே ஓட்டை. இந்த யோசனை என்னுடையது. காலையில் பார்த்தால் முன்பக்கத்து அட்டை ஊறிக் கூழாகக் கிடந்தது. மெக்கானிக் சின்னராஜ் வந்தார். "ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று தம்மம்பட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். புது அட்டை போட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. "வண்டி தங்கமுங்க, உங்க பாப்பாவுக்குத்தான் மசக்கை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்களும் எப்போதும்போல வண்டியைப் பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய் நிரப்பி, துடைத்து, நிறுத்தினோம். மறுநாள் காலை அட்டை மறுபடியும் கூழ். அவர் திரும்ப வந்தார், ஓட்டினார், சொட்டவில்லை. அவர் போனார், சொட்டியது. மெக்கானிக்குக்குப் பயப்படுகிற வண்டியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இதற்குள் வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் நிற்கிற வண்டிக்கெல்லாம் வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவது உங்கள் அத்தையின் வழக்கம். "கண்ணு பட்டிருக்குதுங்க, அதான் இத்தன பாடு" என்று தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். முன்னால்தானே டேங்க்! எனக்கு உயிரே போய்விட்டது. குடித்துக்கொண்டிருந்த மோரை அப்படியே தட்டில் கொட்டிவிட்டேன். வீடு பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. சாமி கற்பூரத்தில் எச்சில் மோரை ஊற்றிய மனுஷனோடு பேச மாட்டேன் என்று உங்கள் அத்தை அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். இப்போது எதுவானாலும் சிவக்குமார் மூலமாகத்தான். "டேய், உங்க மாமனச் சோத்துக்கு வரச் சொல்லு" என்கிறாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது.

கடைசியில் கண்டுபிடித்தது உங்கள் மனைவியின் மூக்குதான். நேற்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அப்பா, நீங்க பங்குக்குப் போயிட்டு வந்தாத்தானுங்க நாறுது. அங்க போயி என்னதான் பண்றீங்க?" என்று கேட்டாள்.

"பெட்ரோல் போடறோம் சாமி."

"எவ்வளவுங்க?"

இது என்ன கேள்வி? மாப்பிள்ளை வண்டியை அரை டேங்கில் நிறுத்துவது, மாப்பிள்ளையை அரை வயிற்றோடு இலையை விட்டு எழுப்புவது மாதிரி அல்லவா? சின்னராஜ் ஓட்டிக் குறைத்ததையெல்லாம் நாங்கள் உடனுக்குடன் போய் நிரப்பிவிடுவோம். அதுவும் லாரிக்கு டீசல் போடுகிற முறைப்படி நான் ஒரு பக்கம், சிவக்குமார் ஒரு பக்கம் நின்று வண்டியை ஆட்டி ஆட்டி, நுரை அடங்க அடங்க, கழுத்து வரைக்கும். இதைக் கேட்டுக் கிருத்திகா தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்று காலை சிவக்குமார் பட்டறைக்குப் போன பிறகு சின்னராஜ் வந்து பார்த்தார். "டேங்குக்கு மேல கழுத்துக் குழாய் ரப்பருங்க, வயசாகி வெடிச்சுப் போச்சு. அரை டேங்குன்னா சும்மா இருக்கும். கழுத்து வரைக்கும் ஊத்துனா ஒழுகாம என்னங்க பண்ணும்?" என்றார். உங்களுக்குச் செய்த மரியாதைதான் இத்தனை நாளும் சொட்டியிருக்கிறது மாப்பிள்ளை. புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை அரை டேங்குக்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று சொல்லி, மிச்சத்தைக் கேனில் இறக்கிக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

இப்போது வாசம் இல்லை. கிருத்திகா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொய்யாப்பழம் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை லீவில் ஊருக்கு வரும் நீங்கள் தாராளமாக இங்கேயே வரலாம். வண்டி அரை டேங்கில் நிற்பதைப் பார்த்து, மாமன் மரியாதை தெரியாதவன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நீங்களும் கிருத்திகாவும் வரப்போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
மயில்சாமி

பின்குறிப்பு: இதைப் படம் பிடிக்கச் சிவக்குமாரைக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் வண்டியையும் காணோம். இப்போதுதான் வந்து இறங்கினான், முகமெல்லாம் சிரிப்பு. "தமிழண்ணன் வர்றாங்க, வண்டி அரை டேங்குல நிக்குதுன்னு அத்தை சொன்னாங்க மாமா. நீங்க இல்லாம ஒத்தையில ஆட்ட முடியலீங்க. பங்குல நாலு பேரப் புடிச்சு ஆட்டி, கழுத்து வரைக்கும் போட்டுட்டு வந்துட்டேன்" என்கிறான். சின்னராஜ் பெட்ரோலை இறக்கியதை மட்டும்தான் உங்கள் அத்தை பார்த்திருக்கிறாள். குழாய் வெடித்த விஷயம் அவளுக்குத் தெரியாது, என்னோடு அவள் பேசினால்தானே நான் சொல்வதற்கு? உள்ளே கிருத்திகா பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேராக வெண்ணந்தூருக்கே போய்விடுங்கள் மாப்பிள்ளை. அவள் அங்கேதான் இருப்பாள்.