நகராட்சி எனக்கு அளித்த ஆயுள்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஒருவன் சாகாமல் இருந்தாலே சந்தேகம் வந்துவிடுகிறது. என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய் என்று குடைகிறார்கள். முன்பெல்லாம் ஒரு கிழவனைப் பார்த்தால் 'கிழவன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயுளை நீட்டும் ரகசியத்தைப் பெரிய பெரிய நாடுகளெல்லாம் தேடித் திணறிக்கொண்டிருக்க, எங்கள் சின்ன ஊரின் நகராட்சி அதைக் கண்டுபிடித்தேவிட்டது. கண்டுபிடிக்கப்பட்ட இடம் நான்.

எனக்கு வயது தொண்ணூற்றொன்று. பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை. பூட்டு ரிப்பேர் செய்து பிழைத்தேன். ஊரில் பாதி வீட்டுக் கதவுகளைத் திறந்து பார்த்தவன் என்பதால் யாரையும் நம்புவதில்லை. பிறந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பூட்டுத் திறந்தேன், இன்னும் இருக்கிறேன். என் சரித்திரம் இவ்வளவுதான்.

நகராட்சிக்கு நான் போனது என் மனைவிக்காக. அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவள் தங்கையோ ஊரின் மறுகோடியில் படுத்த படுக்கை. டவுன் பஸ் எங்கள் தெருமுனையை எட்டிப் பார்த்துவிட்டு, கடன்காரனைக் கண்டதுபோலத் திரும்பி ஓடிவிடும். வாடகை வண்டிக்காரர்கள் எங்கள் தெருப் பள்ளங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். ஆகவே அக்காளும் தங்கையும் போனில்தான் சண்டை போடுகிறார்கள்.

"போன்ல திட்டினா திருப்தியே இல்லைங்க" என்றாள் என் மனைவி. "பாதியில வெச்சிட்டுப் போயிடுறா. நேர்ல போனா எங்க ஓடுவா? படுத்துல்ல கிடக்கா."

சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்" என்றாள்.

மறுநாளே கிளம்பினேன். ரோட்டைப் போட்டு, பஸ்ஸை எங்கள் தெருவுக்குள் விடுங்கள் என்று கேட்டேன். குமாஸ்தா தலையைத் தூக்காமல் வயதைக் கேட்டார். சொன்னேன். தலையைத் தூக்கினார்.

"எதுல வந்தீங்க பெரியவரே?"

"எதுல வர்றது? நடந்துதான்."

"மூணாவது மாடிக்கு?"

"அதுவும் நடந்துதான். லிப்ட் பழுதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க."

குமாஸ்தாவின் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அலுவலக நேரத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் அங்கே கண்டதில்லை. அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

அந்த வாரமே 'நீள்வாழ்வு ஆய்வுக் குழு' என் வீட்டுக்கு எழுந்தருளியது. சுகாதார அதிகாரி, பொறியாளர், அவர்களோடு 'ஆரோக்கிய ஆலோசகர்' என்று ஒரு இளைஞர். எப்போது மூச்சை இழுத்து விட வேண்டும் என்று அவருடைய கைக்கடிகாரம் சொல்லும். சொன்னபோது விட்டார்.

தினமும் என்ன உடற்பயிற்சி என்று கேட்டார். வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததால் முனைக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்குகிறேன் என்றேன். 'எடைப் பயிற்சி' என்று மற்றவர்களுக்கு விளக்கினார். தெருவிளக்கு எரியாததால் பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுகிறேன் என்றேன். 'இயற்கை உறக்கம்' என்றார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரே இல்லை, மாத்திரை தின்று வருஷக்கணக்காகிறது என்றேன். 'நச்சு நீக்கம்' என்று பரவசப்பட்டார். நாய் துரத்துவதைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் திணறினார். கடிகாரத்தைப் பார்த்தார், மூச்சு விட்டார், 'இடைவெளி ஓட்டம்' என்றார்.

பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகத் தாம் இந்தத் தெருவுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

உள்ளே இருந்து என் மனைவி, "அப்போ என் முழங்கால்?" என்று கேட்டாள்.

"நீங்க நடக்கிறதில்லையாம்மா?"

"நடந்துதான்யா போச்சு."

ஆலோசகர் குரலைத் தாழ்த்தி, அது 'விதிவிலக்கு' என்றார். நல்ல ஆராய்ச்சி என்றால் ஒரு விதிவிலக்கு இருந்தே தீருமாம். அதோடு அவளை விட்டுவிட்டார்கள்.

நகராட்சி மன்றம் கூடியது. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி. என் பஸ் கோரிக்கை, என் உடல்நலத்தை முன்னிட்டு ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. "இவருக்கு பஸ் விட்டு இவர் உயிரை எடுக்க நாம யாரு?" என்று தலைவர் உருகினார். இந்தப் பாக்கியம் ஒரே தெருவோடு நின்றுவிடக் கூடாது என்று, பஸ்ஸை இன்னும் இரண்டு தெரு முன்னதாகவே திருப்பிவிடவும் தீர்மானம் போட்டார்கள். எனக்கு ஒரு ஜோடி ஓட்டக் காலணி பரிசளித்தார்கள். மிதித்தால் குதிகாலில் சிவப்பாக விளக்கு எரிந்தது. எங்கள் தெருவுக்கு நகராட்சி கொடுத்த விளக்குகளில் எரிவது அது ஒன்றுதான்.

நான் எழுந்தேன். "தலைவரே, எனக்கு ஆயுசு வேணாம். என் பொண்டாட்டி அவ தங்கச்சியப் பாக்கணும். அவ்வளவுதான்."

தலைவர் வாஞ்சையோடு சிரித்தார். "தங்கச்சிய நடந்து வரச் சொல்லுங்க ஐயா."

"அவ சாகக் கிடக்கா."

"அதனாலதான் சொல்றேன். நடந்தா ஆயுசு கூடும்."

மன்றமே கைதட்டியது.

காலணியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் கூட்டமாக நின்று நான் நடக்கும் அழகைப் பார்த்தார்கள். முதுகை எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள் என்று ஆலோசகர் சுட்டிக்காட்டியது காதில் விழுந்தது. கோபத்தில் விறைத்திருந்த முதுகு அது.

கொஞ்ச தூரம் போயிருப்பேன். தலைவரின் கார் பக்கத்தில் வந்து மெதுவானது. பின் சீட்டில் சுகாதார அதிகாரியும் பொறியாளரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி இறங்கியது.

"ஏறிக்குங்கன்னு சொல்லத்தான் மனசு துடிக்குது ஐயா" என்றார் தலைவர். "ஆனா உங்க உடம்பு முக்கியம்."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

வீட்டில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் என்ன ஆயிற்று என்று கேட்கக் காத்திருப்பாள். நான் நடந்தேன். எத்தனை பெரிய மனது அவர்களுக்கு! இருந்த ஆயுளையெல்லாம் எங்கள் தெருவுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, தங்களுக்கென்று துளியும் வைத்துக்கொள்ளாமல் காரில் போகிறார்கள். அத்தனை நல்ல சரக்காக இருந்தால் ஒரு நாளாவது கொஞ்சம் ருசி பார்த்திருக்க மாட்டார்களா?