நிலைமரக் காளான்

மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கைத் தூக்கியதும் நாகலிங்கத்தாருக்குப் பகீரென்றது. பலாக்கட்டையின் விலாவில் தட்டுத் தட்டாக ஏழு காளான்கள்.

மகள் கஜானியின் புதுவீட்டு வாசல் நிலைக்கென்று பொத்திப் பொத்தி வைத்த கட்டை அது. அறுக்க நாள் பார்த்துப் பார்த்தே நாலு வருடம் போயிருந்தது. இம்முறை மனைவி குணலட்சுமி அடம்பிடித்து, வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் எடுத்துவிட்டாள். அவரோ கொழும்பில் கண் ஒப்பரேசன் முடித்து நேற்றுத்தான் வந்தவர். அபசகுனமென்று ஒப்பாரி வைப்பாளே என்ற பயத்தில் அவளிடம் மூச்சு விடவில்லை.

பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். பூதக்கண்ணாடியோடும் புத்தகத்தோடும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார்.

“மேலை பாத்துச் சொல்லேலாது. அடியிலை துவாரமோ மடிப்போ எண்டு பாக்கவேணும்.”

ஒன்றைப் பிடுங்கினார்கள். துவாரம்தான். ஆனால் துவாரமுள்ள இனங்கள் கணக்கில்லை என்றார் மாஸ்டர். அழுத்தினால் மண்ணிறமாகிறதா என்று பார்த்தார்கள். ஆனது போலவும் இருந்தது, ஆகாதது போலவும் இருந்தது. முகர்ந்தும் பார்த்தார்கள். ஏழும் பிடுங்கி முடிந்தபோது புத்தகத்தில் மூன்று பெயர்கள் மிஞ்சின. ஒன்று வெளிமரத்தை மட்டும் தின்னும். மற்றது உள்வைரத்தையே தின்னும். மூன்றாவதன் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

“அப்ப என்ன செய்யிறது?”

“துளைச்சுத்தான் பாக்கவேணும்.”

மாஸ்டரே துளைத்தார். மஞ்சளாக வரவேண்டிய பலாத்தூள் வெளிறிப்போய் வந்தது. மறுபக்கம் துளைத்தார், அதுவும் வெளிறல். ஐந்தாவது துளையில் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“வைரம் அழுகிப் போச்சுது, நாகலிங்கம்.”

நாகலிங்கத்தாருக்கு அழுகை வந்தது. வேறு வழி தெரியாமல் நெல்லியடிச் சம்பந்தி ஏரம்புவுக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை சரிவராது என்றார். கஜானியின் கலியாணத்தில் ஏதும் மனக்குறையோ என்று ஏரம்பு இறுகிய குரலில் கேட்டார்.

“சீச்சீ, அப்பிடியில்லை. காளான்.”

“காளானோ?”

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து, தச்சுவேலை செய்யும் முத்துக்குமாரு ஓடாவியின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாசல் படலையடியில் வந்து நின்றது. மரத்தை அறுக்க வந்துவிட்டான் என்று நாகலிங்கத்தார் தலையில் கைவைத்துக் கட்டையிலேயே குந்திவிட்டார். முத்துக்குமாரு ஐந்து துளைகளையும் பார்த்தான். மாஸ்டரையும் பார்த்தான்.

“உங்கடை பலா நிலையாகி லான்ட்மாஸ்டரிலை கிடக்குது, அண்ணை. நீங்கள் திரும்பவும் நாள் பாப்பியளெண்டு, கொழும்பிலை நிக்கேக்கையே குணலட்சுமி அக்கா தந்துவிட்டவ. உது அந்த இடத்திலை நான் விறகுக்குப் போட்ட பழைய மாங்கட்டை.”