சைக்கிளுக்கு வரி கட்டப் போன கதை

போன புதன்கிழமை லீவு போட்டிருந்த எனக்கு ஒரே ஒரு வேலைதான். பாளையங்கோட்டை டெய்லர்ட்ட போயி என் வீட்டுக்காரி மல்லிகாவோட ஜாக்கெட்ட வாங்கிட்டு வரணும். சாயங்காலம் வள்ளியூர்ல அவ தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குப் பஸ்.

"கார எடுத்துட்டுப் போங்க"ன்னு மல்லிகா சொன்னா.

நான் கேக்கல. சக்கரை கூடிட்டுன்னு டாக்டர் சொன்னதுலருந்து மூணு வாரமா நான் சைக்கிள்காரன். கியர் வச்ச சைக்கிள், தலைக்கு ஹெல்மெட், தொடையோட ஒட்டுற டவுசர். பள்ளிக்கூடத்துல நான் கணக்கு வாத்தியார். எதுத்த வீட்டு அண்ணாச்சி இப்ப என்னப் பாத்தா வணக்கம் சொல்லுததில்ல. வேற பக்கமாத் திரும்பி செடிக்குத் தண்ணி ஊத்துதாரு.

தச்சநல்லூர்லருந்து ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. பாலத்துல ஏறுனதும் பின்னால ஹாரன் சத்தம். வெள்ளைக் காரு ஒண்ணு என் பக்கத்துல உரசுற மாதிரி வந்து கண்ணாடிய இறக்குச்சு. உள்ள என் வயசுல ஒரு ஆளு.

"ஏன்வே, இது என்ன உம்ம வீட்டு முத்தமா, நட்ட நடுவுல ஓட்டுததுக்கு?"

"போயிட்டுத்தான இருக்கேன்."

"நாங்க வரி கட்டி ரோட்டுல ஓட்டுதோம். நீரு ஓசியில ஓட்டுதீரு. இந்த சைக்கிளுக்கு ஒரு பைசா வரி கட்டிருப்பீரா?"

போன வருசம் டீச்சர்ஸ் ரூம்ல மேசையத் தட்டி நான் பேசுன பேச்சு அது. "சைக்கிள்காரனுக்குத் தனியா வரி போட்டாத்தான் உருப்படும்"னு நாந்தான் சொன்னேன். என் வசனத்த அந்த ஆளு என்னவிட நல்லாச் சொல்லுதாரு.

காரு போன பிறகுதான் பதிலெல்லாம் வந்துச்சு. எனக்கும் காரு இருக்கு, அதுக்கும் வரி கட்டித்தான் வீட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்னு சொல்லிருக்கலாம். உம்ம காரு எடைக்கு ரோடு தேயும், என் சைக்கிளுக்கு என் முட்டிதான் தேயும்னு சொல்லிருக்கலாம். அத்தனையும் பாலத்துத் தூண்கிட்ட தனியாச் சொல்லிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

சொரணை பொத்துக்கிட்டு வந்துட்டு. வரியக் கட்டி ரசீத வாங்கிப் பையில வச்சிக்கிட வேண்டியதுதான். எவனாவது கேட்டா மூஞ்சிக்கு நேரா நீட்டணும்.

டெய்லர் கடைக்குப் போற வண்டி, வரி வாங்குற ஆபீசுக்குத் திரும்பிட்டு. எந்த ஆபீசுன்னு சொல்ல மாட்டேன். லைசென்ஸ் புதுப்பிக்க அடுத்த மாசம் அங்கதான் போகணும்.

வாசல்ல பைக்குகளா நின்ன வரிசையில சைக்கிள விட்டுட்டு உள்ள போனேன். ஒரு புரோக்கர் ஓடி வந்தாரு.

"அண்ணாச்சி, என்ன வேலை?"

"வரி கட்டணும்."

"என்ன வண்டி?"

"சைக்கிள்."

அவரு முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. "முடிச்சிரலாம். கொஞ்சம் கூடச் செலவாகும், ரசீது எடுக்குதது கஷ்டம்"னாரு. இல்லாத வரிக்கும் கமிஷன் வச்சிருந்தாரு மனுசன்.

அவர விட்டுட்டு வரிசையில நின்னேன். ஒரு மணி நேரம் போச்சு. சன்னல்ல ஒரு மேடம்.

"வண்டி நம்பர்?"

"நம்பர் கிடையாது மேடம்."

"புது வண்டியா? என்ஜின் நம்பராவது சொல்லுங்க."

"என்ஜின் நாந்தான்."

எனக்குப் பின்னால நின்னவங்க சிரிச்சாங்க. மேடம் சிரிக்கல. தலைய நீட்டி என் டவுசர் வரைக்கும் பாத்தாங்க.

"சைக்கிளுக்கு இங்க வரி இல்ல சார்."

"இல்லன்னா போட்டு வாங்கிக்கிடுங்க. நான் கட்டத் தயாரா இருக்கேன்."

"கட்ட வேண்டியவங்களையே தேடிப் புடிக்க முடியல. நீங்க வேற. தள்ளுங்க."

அப்பப் பாத்து மல்லிகா போன்ல வந்தா. "டெய்லர்ட்ட கேட்டேன், நீங்க வரவே இல்லங்காரு. எங்கன இருக்கீங்க?"

உண்மையச் சொன்னேன்.

"நான் ஆட்டோவுல போயி வாங்கிக்கிடுதேன். நீங்க பையப் பைய வாங்க. முடிஞ்சா வருமான வரியும் ஒருக்கா கட்டிட்டு வாங்க."

வெளிய வந்தா என் சைக்கிள் சங்கிலி போட்டுக் கெடக்கு. அந்த வரிசை கேஸுல புடிச்ச வண்டிகளுக்காம். வாட்ச்மேன் மொத்தத்துக்கும் சேத்துப் பூட்டிட்டாரு.

"அண்ணாச்சி, அது என் சைக்கிள்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. ஆர்.சி. புக்கக் காட்டும்."

"சைக்கிளுக்கு ஏதுவே ஆர்.சி. புக்கு?"

"புக்கும் இல்ல, நம்பரும் இல்ல. அதான புடிச்சிருக்காங்க."

அவரு சொன்னதுல ஒரு தப்பும் எனக்குத் தெரியல. திரும்பவும் வரிசையில நின்னேன். மேடம் என்னப் பாத்ததும் பேனாவக் கீழ வச்சுட்டாங்க.

"இப்ப என்ன சார், இன்சூரன்ஸா?"

கதையச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டெடுத்து எழுதுனாங்க: 'மேற்படி நபரின் மிதிவண்டிக்கு வரி, பதிவு எதுவும் தேவையில்லை. விடுவிக்கவும்.' கீழ கையெழுத்து, அதுக்கு மேல சீல்.

வாட்ச்மேன் அத ரெண்டு தடவ படிச்சிட்டுப் பூட்டத் திறந்தாரு. சீட்ட நான் விடல, கேட்டு வாங்கிக்கிட்டேன். வரி கட்டுனதுக்கு ரசீது எல்லார்ட்டயும் இருக்கும். கட்ட வேண்டாம்னு சீல் வச்ச காயிதம் இந்த ஜில்லாவுல வேற யாருட்ட இருக்கு?

வேத்து நனைஞ்ச சட்டையோட நாலு மணி பஸ்ஸப் புடிச்சேன். வள்ளியூர் போய்ச் சேர்ற வரைக்கும் மல்லிகா சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தா.

சீட்ட லேமினேட் பண்ணி வச்சிருந்தேன். நேத்து மார்க்கெட் பக்கம் இன்னொரு காருக்காரரு ஹாரன் அடிச்சாரு. எனக்கு ஒரே சந்தோசம். சைக்கிள நிறுத்தி, பையத் திறந்து, சீட்ட எடுத்து நீட்டுனேன்.

அவரு அதக் கையில கூட வாங்கல. "நோட்டீஸெல்லாம் வேண்டாம்வே, ஓரமாப் போவும்"னுட்டுப் போயிட்டாரு.

ஓரமாத்தான் போயிருப்பேன். அங்கன ஏற்கெனவே வரி கட்டுன காரு ஒண்ணு நிறுத்தியிருந்துச்சு.