பூவரசு நின்ற இடம்

"பழைய மாணவர்" என்று அச்சடித்து, பெயரும் எழுதிய அட்டையைச் செந்தூர்வேலின் சட்டையில் குத்திவிட்டு, ஜெபசீலன் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"பொருத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி. தொண்ணூத்தெட்டுல இங்க சேந்தவருன்னு சொன்னா யாரும் நம்புவாங்க."

செந்தூர்வேலுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. உடன்குடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். கல்லூரி என்று ஒரு கட்டடத்துக்குள் அவர் கால் வைத்ததே போன வருஷம், மகள் இசக்கிசெல்வியை இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தபோதுதான். இன்றைக்கு வந்ததும் அவளுக்காகத்தான். பிள்ளை வழுக்கி விழுந்து, கால் முறிந்து, மாவுக்கட்டோடு இருக்கிறாள். விடுதியில் அவள் அறை நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. கதவு திறக்கும், மூடும், மேலே மட்டும் போகாது. தோழிகள் இரண்டு பேர் ஆளுக்கொரு தோள் கொடுத்து ஏற்றி இறக்குகிறார்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று நேற்று போனில் அழுதாள்.

அவள் படிப்பை விடுவதா? அந்த ஒரு சொல் செந்தூர்வேலை விடியற்காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

மாணவர் நலத்துறை அதிகாரி ஜெபசீலன் அவர் சொன்னதைப் பாதிதான் கேட்டார். கீழ்த்தளத்தில் காலி என்றால் பதினாலாம் நம்பர்தான், அதிலும் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறது, பார்க்கலாம், ஆனால் இன்று முடியாது, ஆய்வுக்குழு வந்திருக்கிறது என்றார். சொல்லிவிட்டுச் செந்தூர்வேலின் வெள்ளைச் சட்டையையும் நரைத்த மீசையையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குழுவுக்குப் பழைய மாணவர்களைப் பார்த்துப் பேச வேண்டுமாம். அழைப்பு நிறையப் பேருக்குப் போயிருந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் பூங்கொத்துப் படம் அனுப்பி வாழ்த்தினார்கள். உள்ளூரில் இருந்தவர்கள் அதையும் அனுப்பவில்லை.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா உக்காந்து சிரிச்சாப் போதும். மக்ரூன் தருவாங்க, சாப்பிடுங்க. பிள்ளைக்கு ரூமு சாயங்காலம் நான் பாத்துக்கிடுதேன்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் நடத்தலாம் என்று பெரியவர்களே சொல்லியிருக்கும்போது, ஒரு பொய் சொல்லி ஓர் அறை வாங்கினால் என்ன என்று செந்தூர்வேல் மனதைத் தேற்றிக்கொண்டார்.

கூட்ட அறையில் ஏசி உப்புக்காற்றையே உறைய வைத்திருந்தது. அட்டை குத்திய ஆட்கள் இரண்டு வரிசை உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. படித்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு செந்தூர்வேல் ஓரமாக உட்கார்ந்தார்.

குழுவின் தலைவி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த வயதான பேராசிரியை. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, உங்களில் யாரெல்லாம் விடுதியில் தங்கிப் படித்தீர்கள், அந்தக் காலத்தில் விடுதி எப்படி இருந்தது, யாராவது சொல்லுங்களேன் என்றார்.

ஒரு கையும் உயரவில்லை. எல்லாரும் தட்டிலிருந்த மக்ரூனைப் பார்த்தார்கள். பேராசிரியை ஏதோ எழுதப் பேனாவைத் திறந்தார். சுவரோரம் நின்ற ஜெபசீலனின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தோடு மகளுடைய அறையும் சேர்ந்து போவது செந்தூர்வேலுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

நின்ற பிறகுதான் என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. பதிலும் கூடவே வந்தது.

பிளஸ் டூ முடித்த வருஷம் பாளையங்கோட்டையில் கல்லூரிக்கு எழுதிப்போட்டிருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கடையைத் திறக்க ஆள் வேண்டியிருந்தது. கூடப் படித்த முத்துமணி மட்டும் போனான். ஒவ்வொரு லீவுக்கும் வந்து, கடையில் கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து ஹாஸ்டல் கதை சொல்லுவான். செந்தூர்வேல் குடத்தைத் துடைத்துக்கொண்டே கேட்பார். அவன் போன பிறகு அந்தக் கதைகளில் தன்னையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்துப் பார்ப்பார். எது அவன் சொன்னது, எது தான் சேர்த்துக்கொண்டது என்று இப்போது அவருக்கே தெரியாது.

"எங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு பூவரசு நின்னுச்சு மேடம்" என்று ஆரம்பித்தார்.

வார்டன் வந்தால் அந்த மரத்தடியில் இருப்பவன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊத வேண்டும். உடனே எல்லா அறையிலும் சீட்டுக்கட்டு மறையும். வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் தேங்காய்ப்பால் சொதி. அன்றைக்கு மட்டும் சண்டை கிடையாது. பதினாலாம் நம்பர் அறையில் நல்ல சட்டை ஒன்றே ஒன்றுதான். இண்டர்வியூவுக்குப் போகிறவன் அதைப் போட்டுக்கொள்வான். நெட்டையனுக்குத் தொப்புள் தெரியும், குட்டையனுக்கு முட்டி மறையும். கடைசி நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் அந்தப் பூவரசடியில் நின்றார்கள். பஸ் வந்தும் யாரும் ஏறவில்லை.

இதைச் சொன்னபோது செந்தூர்வேல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. தான் ஒருநாளும் ஏறிப் போகாத பஸ்ஸுக்காக இத்தனை வருஷம் கழித்து அவருக்கு அழுகை வந்தது.

முன் வரிசையிலிருந்து வழுக்கைத் தலையோடு ஒருவர் எழுந்து வந்தார். செந்தூர்வேலின் அட்டையிலிருந்த பெயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய அட்டையில் சிவனணைந்தபெருமாள் என்று இருந்தது.

"ஏலே செந்தூரு, என்னைத் தெரியலயால? பதினாலாம் நம்பர்ல ஜன்னலோரக் கட்டில் என்னோடதுல்லா."

செந்தூர்வேல் அந்தப் பிடியிலிருந்து விலகப் பார்த்தார். உண்மையான பழைய மாணவன் ஒருவன் வந்து சேர்ந்துவிட்டான். இனி ஒரு கேள்வி கேட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். முந்திக்கொள்வோம் என்று, "தெரியாம என்ன, குறட்ட விட்டு எங்களத் தூங்கவிடாத ஆளுல்லா நீ" என்றார்.

சிவனணைந்தபெருமாள் ஒரு நொடி திகைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் விடுதேன்ல" என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இரண்டாம் வரிசையில் ஒருவர், பீப்பி ஊதியது நான்தான் என்றார். இன்னொருவர், அந்தச் சட்டை என்னுடையது, திரும்ப வரவே இல்லை என்றார். அற்புதமணி என்ற அம்மாள் எழுந்து, பெண்கள் விடுதியிலும் அந்தப் பீப்பி கேட்கும் என்று சொல்லி வெட்கப்பட்டார். வாயைத் திறக்காமல் இருந்தவர்களெல்லாம் இப்போது ஒருவர் பேச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு பேசினார்கள். பேராசிரியை பேனாவை மூடிவிட்டார்.

பின்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மட்டும் மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பேராசிரியை அவரைப் பார்த்து, நீங்களும் சொல்லுங்கள் என்றார்.

அவர் தயங்கி எழுந்தார். "பூவரசு எனக்கு ஞாபகமில்லையே மேடம். காலையில பஸ்ஸுல வருவேன். சாயந்திரம் பஸ்ஸுல போயிருவேன்."

நண்பர்கள் யார் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் தூங்கிவிடுவேன் என்றார். ஆசிரியர் ஒருவர் பெயராவது சொல்லுங்கள் என்றதற்கு வெகுநேரம் யோசித்து, கணக்கு எடுத்தவர் மெலிசாக இருப்பார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செந்தூர்வேலும் சிரித்தார், அவருக்கு அப்போது நாலு வருஷம் விடுதியில் இருந்த கெத்து வந்திருந்தது.

பேராசிரியை சிரிக்கவில்லை.

"மிஸ்டர் ஜெபசீலன், இந்த மாதிரி வெளியாளைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறது எனக்குப் பிடிக்காதுங்க. இத்தனை பேர் உண்மையான பாசத்தோட பேசறப்ப இது எதுக்கு?"

யார் யாரைப் பிடித்து உட்கார வைத்தோம் என்பது ஜெபசீலனுக்கே மறந்திருந்தது. தவறு நடந்துவிட்டது என்று கும்பிட்டு, வாட்ச்மேன் பேச்சிமுத்துவுக்குக் கண்ணைக் காட்டினார். பேச்சிமுத்து அந்த மனிதரை நயமாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவர் திரும்பிச் செந்தூர்வேலை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ கேட்க வருவது போல இருந்தது.

தொல்லை ஒழிந்தது என்று ஜெபசீலன் மூச்சு விடுவதற்குள், அந்தப் பூவரசையும் பதினாலாம் நம்பர் அறையையும் நேரில் பார்க்க வேண்டும் என்று பேராசிரியை கிளம்பிவிட்டார்.

செந்தூர்வேலுக்கு இந்த வளாகத்தில் தெரிந்த விடுதி ஒன்றே ஒன்று, மகள் இருப்பது. அந்தக் காலத்தில் ஆண்கள் விடுதி இதுதான் என்று துணிந்து கூட்டிக்கொண்டு போனார். ஜெபசீலன் எதற்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வாசலில் மரம் எதுவும் இல்லை. மருந்துக்கு ஒரு செடி கூட இல்லை. மரம் எங்கே என்று பேராசிரியை கேட்டார்.

"இந்தா, லிஃப்ட் நிக்கிற இடம்தான் மேடம். இதுக்காவத்தான் வெட்டிட்டாவ" என்றார் செந்தூர்வேல்.

சிவனணைந்தபெருமாள் லிஃப்ட் கதவைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மரத்தைக் கொன்று வைத்த லிஃப்ட் எப்படித்தான் இருக்கிறது, பார்க்கிறேன் என்று பேராசிரியை உள்ளே ஏறினார். வேறு வழியில்லாமல் ஜெபசீலனும் ஏறினார். கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது.

"இது எத்தனையாவது மாடி?" என்றார் பேராசிரியை.

"தரைத்தளம் மேடம்" என்றார் ஜெபசீலன்.

அங்கே படிக்கட்டின் கடைசிப் படியில், மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். தூக்கிவிடத் தோழிகள் வகுப்பு முடிந்து வர வேண்டும். அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். செந்தூர்வேல் அட்டையைக் கையால் மறைக்கப் பார்த்தார். அதற்குள் ஜெபசீலன், இவள் இவருடைய மகள்தான் என்று சொல்லிவிட்டார்.

பேராசிரியைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்பா இந்த ஹாஸ்டல்ல இருந்த கதையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்காராம்மா?"

செந்தூர்வேல் தரையைப் பார்த்தார். பெற்ற பிள்ளை முன்னால் பொய்யனாக நிற்பதைவிட அந்த லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"பூவரசு, பீப்பி, ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்டது எல்லாம் சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள் இசக்கிசெல்வி. "சின்னப் பிள்ளையில தெனமும் சொல்லுவாங்க. அதக் கேட்டுத்தான் எனக்கு ஹாஸ்டல்ல சேரவே ஆச வந்துச்சு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. செந்தூர்வேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பதினாலாம் நம்பர் அறையைத் திறந்தால் உடைந்த கட்டில்கள் கூரை வரைக்கும் இருந்தன. இத்தனை பேர் வாழ்ந்த அறையைக் குப்பைக் கிடங்காக்கி, கால் முறிந்த பிள்ளையைப் படிக்கட்டில் உட்கார வைத்திருக்கிறீர்களே என்று பேராசிரியை கேட்ட கேள்வியில், ஜெபசீலன் தானே ஒரு கட்டிலின் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பொழுது சாய்வதற்குள் அறை கழுவி, மின்விசிறி போட்டு, இசக்கிசெல்வியின் பெட்டியும் வந்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கவும் ஆள் வந்துவிட்டான்.

குழு போன பிறகு செந்தூர்வேலும் சிவனணைந்தபெருமாளும் கேண்டீனில் டீ குடித்தார்கள். கட்டிப்பிடித்தவனிடம் உண்மையை மறைக்கச் செந்தூர்வேலுக்கு மனம் வரவில்லை. நான் இங்கே படித்தவன் இல்லை, எந்தக் கல்லூரியிலுமே படித்தவன் இல்லை, மன்னித்துக்கொள் என்றார்.

சிவனணைந்தபெருமாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஆத்தூர்ல வெத்திலக் கொடிக்கால் வச்சிருக்கேன் அண்ணாச்சி. காலேஜ் பஸ்ஸு எங்க ஸ்டாப்புல நிக்காமப் போவுது, மவன் ரோட்டுல நிக்கான். அதச் சொல்லத்தான் வந்தேன். சட்டையில அட்டையக் குத்திட்டாவ."

கட்டிப்பிடித்தது எதற்கு என்று கேட்டார் செந்தூர்வேல். நீங்கள் சொல்லச் சொல்ல, அந்த அறையில் எனக்கும் ஒரு கட்டில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது என்றார் அவர். மற்றவர்கள் கதையையும் அவரே சொன்னார். பீப்பி ஊதியவர் மெஸ்ஸில் புழு கிடந்ததைச் சொல்ல வந்தவர். அற்புதமணி, மகளுடைய வகுப்பை மாற்றக் கேட்டு வந்தவர். சட்டையைப் பறிகொடுத்தவர் என்னத்துக்கு வந்தாரோ, மக்ரூனைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் செந்தூர்வேலுக்கு நெஞ்சுக்குள் வெறுமையாக இருந்தது. காலையில் இல்லாத ஒரு கல்லூரி, மத்தியானம் கிடைத்து, சாயங்காலம் போய்விட்டது. சிவனணைந்தபெருமாளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஏலே செந்தூரு, டீ ஆறுது, குடி" என்றார் அவர்.

செந்தூர்வேலுக்கு அப்போதுதான் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் நினைவு வந்தது. பாவம், நமக்கு வந்த பொய் அந்த மனுஷனுக்கு வரவில்லை. தன் பிள்ளைக்கு என்ன குறையைச் சொல்ல வந்தாரோ, கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டோமே. ஜெபசீலனிடம் சொல்லி அவர் காரியத்தையும் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று, அந்தப் பக்கமாக வந்த வாட்ச்மேன் பேச்சிமுத்துவை நிறுத்தி விசாரித்தார்.

"அவுக பிள்ளைங்க யாரும் இங்க படிக்கல அண்ணாச்சி" என்றார் பேச்சிமுத்து. "அழைப்பு அனுப்புனதுல மெய்யாவே வந்த பழைய மாணவர் அவுக ஒருத்தருதானாம், இன்னும் கேட்டுலதான் நிக்காவ. தனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு போலன்னு சொல்லி, அந்தப் பூவரசு எங்கன நின்னுச்சுன்னு உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாவ."