இமை தூக்கும் செம்புத் தண்ணீர்

இரும்புலியூரில் டோக்கன் இல்லாமல் யார் கண்ணும் திறக்காது. பக்தவச்சலம் சாமி சில்லென்ற செம்புத் தண்ணீரில் துணியை நனைத்து, மூடிய கண்மேல் ரெண்டு நிமிஷம் வைத்து மந்திரம் சொன்னால் தொங்கிய இமை எழுந்துவிடுமாம். எழுந்தால் சாமியின் சக்தி, எழாவிட்டால் உங்கள் பாவம். நஷ்டமே வராத தொழில். நெற்றியில் திருநீறு பூசியவர்களும் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். மத நல்லிணக்கம் இப்படியும் வளர்கிறது.

கணக்கு டீச்சர் ஹெப்சிக்கு இது நாலாவது டோக்கன். காலையில் ஒழுங்காக இருக்கும் இடது இமை, மத்தியானத்துக்குள் பாதிக் கண்ணை மூடிவிடும். மகளுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று சாமி சொன்னார். டீச்சரும் நம்பினாள். ஒவ்வொரு தடவையும் இமை எழுந்தது, பஸ் ஸ்டாப் போவதற்குள் விழுந்தது. போன வாரத்திலிருந்து சாயங்காலக் காபி மூக்கு வழியாக வருகிறது. டாக்டரிடம் போனால் கண் ஒரேயடியாக மூடிவிடும் என்று சாமி மிரட்டியிருந்ததால், பயந்து வாயைத் திறக்காமல் இருந்தாள்.

முந்தின நாள் காபி மூக்கில் வந்ததைப் பார்த்துவிட்ட தங்கை அபிகாயில், அன்று விடாப்பிடியாகக் கூட வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையிலிருந்து அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. சாமி துணியை வைத்தார், மந்திரம் சொன்னார், ரெண்டு நிமிஷம் போயிற்று. இமை அசையவில்லை.

"மனசுல சந்தேகம் கீதும்மா, அதான்" என்றார் சாமி.

அபிகாயில் செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "தண்ணி வெதுவெதுன்னு இருக்கே சாமி. ஃபிரிட்ஜ் ஓடலையா?"

பதிலுக்குக் காத்திராமல் பக்கத்து ஜூஸ் கடை துரையிடம் தெர்மாகோல் பெட்டியிலிருந்த ஐஸை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி அக்காவின் கண்மேல் வைத்தாள். மந்திரம் கிடையாது. ரெண்டு நிமிஷத்தில் இமை எழுந்தது. யாரோ சாமியின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுக்க, அங்கே செத்துக் கிடந்த ஃபிரிட்ஜ் எல்லோருக்கும் தரிசனம் தந்தது.

"நரம்பு சொல்றது தசைக்குச் சரியா போய்ச் சேரலக்கா. குளிர்ச்சி பட்டா கொஞ்ச நேரம் சேரும். இதை வச்சுத்தான் டாக்டருங்களே இந்த நோய்னு சந்தேகப்படுவாங்க, அப்புறம் ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. மருந்து இருக்கு. ஆனா காபி மூக்குல வருதுன்னா, அடுத்தது மூச்சுக்கே கஷ்டம் வரலாம். இன்னிக்கே போகணும்."

ஹெப்சிக்கு அவமானமாக இருந்தது. வழி எழுதாமல் விடை மட்டும் எழுதும் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைப்பவள் அவள். இந்த ஆளிடம் மட்டும் வழியைக் கேட்கவே இல்லை.

அக்காவும் தங்கையும் ஆட்டோவில் ஏறினார்கள். சாமி பின்வாசல் வழியாக நழுவியிருந்தார். கூட்டம் கலைந்திருக்கும் என்று நினைத்தால், ஜூஸ் கடை முன்னால் வரிசை கட்டி நின்றது. ஒருவர் துரையிடம் பவ்யமாகக் கேட்டார், "அண்ணா, ஐஸுக்கு டோக்கன் எங்க குடுக்கறாங்க?"

ஹெப்சி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினாள். "இமை தொங்கினா டாக்டர் பாத்துப்பார் சார். மூளை தொங்கினா நீங்களேதான் தூக்கணும்."