நாய்க்கு அளவெடுத்த மெத்தை

நாய் வந்த அன்று வாசலில் இருந்தவர்கள்: மெத்தைக்காரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டு ஹாரன், நாய்க் காப்பகத்து அம்மாள், நாய். மனிதர் நால்வர், நாய் ஒன்று. கால்களை எண்ணினால் பன்னிரண்டு. எடையில் ஹாரனுக்கு முதலிடம், நாய்க்கு இரண்டாமிடம்.

ஹாரன் என்பது அவர் பெயர் இல்லை. ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது வண்டியைக் கொடுத்துவிட்டு ஹாரனை மட்டும் தொண்டையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று தெருவில் பேச்சு.

சின்ன நாய் என்று சொல்லித்தான் மெத்தைக்காரரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள் மனைவி. எவ்வளவு பெரிசு என்று அவர் கேட்டபோது இரண்டு கைகளையும் ஒரு சாண் அகலத்துக்கு விரித்துக் காட்டினாள். அளவு என்றால் அவர் அடங்கிவிடுவார். சரி என்றார்.

வேன் கதவு திறந்தது. நாய் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

"இவ்ளோதான்னு கையைக் காட்டுனியே?"

"தலையைக் காட்டுனேங்க. மிச்சத்தை நீங்க கேக்கவே இல்லையே."

"அண்ணே, இதுக்கு முழு டிக்கெட்டே போடணும்!" என்றார் ஹாரன். தெருக்கோடியில் ஒருவர் சைக்கிளை ஓரம் கட்டினார்.

பழைய மெத்தையின் நிறம். ஒரு காது முழுசு, ஒரு காது பாதி. மூடிப்போன கிடங்கு ஒன்றில் யாரோ கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். வாசற்படியில் நின்று, உள்ளே வரலாமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. மெத்தைக்காரர் முகத்தில் பார்வை கொஞ்சம் அதிகமாகவே நின்றது. அவர் கூச்சப்பட்டு மேலே வானத்தைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, என் மத்தியானத் தூக்கத்துல மட்டும் யாரும் குறுக்க வரக்கூடாது."

அவருக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். முன்னறையில் கடை, பின்னறையில் வீடு. ஊருக்கே தூக்கம் தைத்துக் கொடுத்தவர், தனக்கென்று எடுத்துக்கொண்டது கட்டிலில் ஜன்னலோரப் பாதி. சாப்பிட்டுச் சாய்ந்தால் திரைச்சீலை மெல்ல உப்பும், தணியும். ஏதோ பெரிய பிராணி ஒன்று மூச்சுவிடும் வயிற்றில் தலைவைத்துப் படுத்தாற்போல இருக்கும். அப்படியே மிதந்து போய்விடுவார்.

மறுபாதி மனைவியுடையது. கல்யாணத்துக்குத் தைத்த மெத்தை. "கட்டி கட்டியா இருக்குங்க, புதுசு ஒண்ணு தைங்க" என்பாள். "அடுத்த வாரம்" என்பார். அந்த அடுத்த வாரத்துக்கு இப்போது நரைத்துவிட்டது.

நாய் வந்து கொஞ்ச நாள் போனது. ஒரு மத்தியானம் அவர் பின்னறைக்கு வந்தபோது ஜன்னலோரப் பாதி நிறைந்திருந்தது. நாய் மல்லாந்து கிடந்தது. கனவில் கால்கள் ஓடின. திரைச்சீலை அதன் வயிற்றைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தது.

தள்ளினார். நாய் பெருமூச்சு விட்டது. இழுத்தார். போர்வை மட்டும் வந்தது.

"ஏம்மா, இதை எறங்கச் சொல்லு!"

"பாவங்க, படுக்க இடமில்லாத ஜீவன்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க கட்டில்ல படுக்க இடமில்லாத ஜீவன். உங்களுக்குக் கடை இருக்கு."

கடையில் பஞ்சு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. வேலை செய்யும்போது வந்தது. ஒரு நாள் தலையணையோடு சேர்த்துத் தன் சட்டைக் கையையும் தைத்துவிட்டார். வாங்க வந்தவர் தலையணையை எடுத்துக்கொண்டு நடந்தார். மெத்தைக்காரரும் கூடவே போனார்.

அன்றுதான் அந்த யோசனை உதித்தது. நாய்க்கென்று ஒரு மெத்தை! அது தன் மெத்தைக்குப் போகும், தான் தன் பாதிக்குப் போகலாம். இத்தனை பெரிய யோசனை தனக்கே வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மனைவி முகத்தைச் சுளித்தாள். "நாய்க்கு மெத்தையா? ஒரு கோணிய மடிச்சுப் போட்டா முடிஞ்சுது."

"கோணியா! மெத்தைக்காரன் வீட்டு நாய் கோணியில படுத்தா கடைக்கு எவன் வருவான்?"

"அதுவும் சரிதான்" என்றாள். உடனே ஒத்துக்கொண்டாள். வழக்கத்தில் இல்லாத விஷயம். அவர் கவனிக்கவில்லை, அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாய் தூங்கும்போது மூக்கிலிருந்து அளந்தார். "நாலேகால் அடி."

"வாலை விட்டுட்டீங்களே. அதை மட்டும் தரையில வைக்குமா?"

"நாலே முக்கால்."

"கனவுல ஓடுது பாருங்க. ஓட இடம் வேணாமா?"

"அஞ்சேகால் போடறேன். போதுமா?"

"அகலம் மூணடி. புரண்டு படுக்கணும். உறை நீலத்துல, பூப்போட்டதா இருக்கட்டும்."

"நாய்க்கு எதுக்குப் பூ?"

"கண்ணுக்குக் குளிர்ச்சிங்க."

"அண்ணே, ஸ்லீப்பர் கோச்சா?" என்று ஜன்னல் வழியாக ஹாரன் கேட்டார். திரைச்சீலை உள்பக்கமாகப் பறந்தது.

பன்னிரண்டு கிலோ பஞ்சை நிறுத்து எடுத்து, அடித்து உதறினார். மத்தியான வெயில் கதவிடுக்கு வழியாக விழுந்தது. அதில் பஞ்சு மிதந்தது. இறங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யாமல் அறை முழுக்க வெண்மை நின்றது. நாய் வந்து வாசற்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. ஒரு துணுக்கு அதன் மூக்கில் அமர்ந்தது. நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டது; அவரும் பிடித்துக்கொண்டார். பிறகு அது தும்மியது. அறை முழுக்க மேகம் கலைந்தது. மெத்தைக்காரர் தன்னை மறந்து சிரித்தார். கையில் ஒட்டிய பஞ்சோடு அந்தப் பாதிக் காதை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தார். சூடாக, மெத்தென்று இருந்தது.

மெத்தை முடிந்த அன்று நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காப்பகத்து அம்மாள் வந்திருந்தாள். பின்னறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மெத்தையை விரித்தார்கள். நாய் வந்தது. நாலு மூலையையும் மோந்தது. அப்புறம் மெத்தையை ஒட்டிய வெறும் தரையில் சுருண்டு படுத்தது.

"அடடா, யாருக்கு சார் மெத்தை?" என்றாள் காப்பகத்து அம்மாள். "இவன் தரையை விட்டு ஏற மாட்டானே! சிமெண்டுலயே கெடந்து பழகினவன். நாங்க போடாத பாயா, போர்வையா?"

"கட்டில்ல படுத்தானே! என் எடத்துல!"

"ருசியா ஏதாவது வெச்சா ஏறுவான் சார். தின்னுட்டு அங்கயே தூங்கிருவான்."

மெத்தைக்காரர் கட்டிலுக்குப் போய்த் தன் தலையணையைத் தூக்கினார். கீழே பிஸ்கட் தூள். நேற்றையது, முந்தாநாளையது, அதற்கும் முந்தியது.

திரும்பிப் பார்த்தார். மனைவி புது மெத்தையில் படுத்திருந்தாள். ஐந்தேகால் அடியில் அவள் அடங்கியது போக, தலைக்கு மேலே ஒரு விரல்கடை இடம் இருந்தது. அதைவிடச் சரியாக அவரே அளந்திருக்க முடியாது.

"வீணாப் போகக் கூடாதில்ல" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

"அளவு யாருக்குன்னு எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா..."

"அடுத்த வாரம்னு சொல்லியிருப்பீங்க."

காப்பகத்து அம்மாள் சத்தமில்லாமல் நழுவினாள். அவர் கட்டிலில் தன் பாதியில் படுத்தார். நாய் கிடந்த பாரத்தில் அங்கே ஒரு பள்ளம். உருண்டு மறுபாதிக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் படுத்ததே இல்லை. இடுப்புக்கு ஒரு கட்டி, தோளுக்கு ஒரு கட்டி, நடுமுதுகில் மூன்று. அவர் தைத்ததுதான்.

"ஏம்மா."

"ம்."

"நல்லா இருக்கா?"

"மேகத்துல படுத்தாப்ல இருக்குங்க." குரல் பாதித் தூரம் போய்விட்டிருந்தது. "உங்களுக்கும் ஒண்ணு தைச்சுக்கங்களேன்."

"எப்ப?"

"அடுத்த வாரம்."

அதற்குள் அவள் குறட்டைவிட ஆரம்பித்தாள். நாய் மெத்தை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அடிக்குரலில் சேர்ந்துகொண்டது. திரைச்சீலை இரண்டு பேருக்கும் தாளம் போட்டது.

அவர் எழுந்து கடைக்குப் போனார். மிச்சப் பஞ்சைத் தராசில் வைத்தார். முந்நூறு கிராம். அதில் இரண்டு கிராமை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு வந்து பள்ளத்தில் படுத்தார்.

மிச்சம், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.