அண்டத்தின் தொடக்கத்தை அப்பவே சொன்னவர்

மனிதருள் 'அப்பவே சொன்னவர்' என்றோர் இனம் உண்டு. மழை பெய்து ஓய்ந்த பிறகும், கடை நொடித்துப் பூட்டிய பிறகும், அதைத் தாம் முன்பே சொன்னதாக நினைவூட்டும் சில்லறை வகையினரைப் பற்றி எழுத நான் வரவில்லை. அவர்களால் பெரிய கெடுதல் இல்லை. நான் குறிப்பிடுவது மொத்த வியாபாரிகளை; இந்த அண்டம் எப்படித் தோன்றியது என்பதையே அப்பவே தெரிந்து வைத்திருப்பவர்களை.

இவரை அடையாளம் காண்பது எளிது. பூமிக்கடியில் வளையமாகச் சுரங்கம் அமைத்து, அணுவினும் சிறிய துகள்களை அதற்குள் விரட்டி மோதவிட்டு, எல்லாம் தொடங்கிய கணத்தில் என்ன நடந்திருக்கும் என்று சிலர் தம் வாழ்நாளைச் செலவிட்டுத் தேடுகிறார்கள் அல்லவா? அந்தச் செய்தி நாளிதழில் வரும் காலையில், இவர் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெல்லச் சிரிப்பார். மீதியைப் படிக்க மாட்டார். விடை தெரிந்தவருக்கு வினாத்தாள் எதற்கு?

இந்த இனத்தில் பக்திப் பிரிவு, மறுப்புப் பிரிவு என இரண்டு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டுக்கும் மாதிரிகள் உண்டு. வசதியாக, இருவரும் நெருங்கிய உறவினர். மூன்றாம் மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. விஞ்ஞானிகள் தேடுவதெல்லாம் தம் மறைநூலில் ஏற்கெனவே இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருடைய மனைவியின் தம்பி தரைத்தளத்தில் பல் மருத்துவர். கடவுள் இல்லை என்பதை, நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நிரூபிப்பார். மறுத்துப் பேச இயலாதல்லவா?

முன்பொரு முறை புதிய துகள் ஒன்று அகப்பட்டதாகச் செய்தி வந்தபோது, இருவரும் மாடிப்படியில் சந்தித்ததை நேரில் பார்த்தவன் நான்.

“பாத்தீங்களா மச்சான், எங்க நூல்ல இருக்கறதத்தான் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“இருக்கட்டும் அத்தான். அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முந்தின நாள் நீங்க அதச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயுமாக, இருவரும் வெற்றியுடன் பிரிந்தார்கள்.

அதிகாரியின் மகள், துகள்களை மோதவிடும் அத்தகைய சுரங்கம் ஒன்றில் பொறியாளர். சில ஆண்டு உழைப்பின் முடிவோடு விடுப்பில் வந்திருந்தாள். ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு அங்கேயே தொடர்வதா, வீட்டுக்கே திரும்பிவிடுவதா என்று அவள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்குமுன் தன் வேலையைப் பற்றி வீட்டாரிடம் ஒருமுறையாவது பேசிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

“வீட்ல எங்க பேச விடறாங்க, அங்கிள்? கையில மைக் இருந்தாலாவது கேப்பாங்களான்னு பாக்கறேன்,” என்றாள் என்னிடம்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் பொது அறையில் கூட்டத்துக்கு நானே ஏற்பாடு செய்தேன். இயற்பியலை நூலகத்தில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டவன் நான். ஆகவே நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தேன். அச்சாகி வந்தபோது கேள்வி நேரத்தைக் காணவில்லை. தலைமையுரை: தந்தையார். நன்றியுரை: தாய்மாமன். நான் எழுதிக் கொடுத்ததும் அச்சாகி வந்ததும் இன்றும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

இங்கேதான் இந்த இனத்தின் தலையாய வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிவதற்கு முந்தைய நாளே, தலைவரின் நிறைவுக் கருத்தும் மைத்துனரின் நன்றியுரையும் தட்டச்சாகித் தயாராகிவிட்டன. முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுவது கற்றுக்குட்டிகளின் வேலை.

தலைமையுரை முடிந்தபோது தேநீர் ஆறியிருந்தது. அவள் எழுந்தாள்.

“நாங்க தேடினது கிடைக்கல,” என்று தொடங்கினாள். “ஏன்னு இப்போதைக்குத் தெரியல.” மூச்சு வாங்கச் சற்றே நிறுத்தினாள்.

அந்த இடைவெளி போதாதா?

“அதானே. மனுஷன் செஞ்ச மெஷின்ல அது அகப்படுமா?” என்றது தலைமை நாற்காலி.

“இல்லாதது எந்த மெஷின்லயும் அகப்படாது அத்தான்,” என்றது நன்றியுரை.

பிறகு இருவரும் தத்தம் தாள்களை எடுத்து வாசித்தார்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்ற நேரவில்லை. தேடியது கிடைத்திருந்தாலும் மாற்ற நேர்ந்திருக்காது. அந்த உரைகளின் அமைப்பு அத்தகையது. மகள் மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நான் கையை உயர்த்தினேன்.

“கேள்வி நேரம் நிரல்ல இல்லயே சார்,” என்றார் தலைவர், நான் ஏதோ ஒழுங்கீனம் செய்துவிட்டதைப்போல.

நாற்காலிகளை அடுக்கும்போது அவள் கேட்டாள்: “அப்பா, நாங்க எதைத் தேடினோம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதான் கிடைக்கலன்னு நீயே சொல்லிட்டியேம்மா.”

“மாமா, உங்களுக்கு?”

மாமா மைக் ஒயரைச் சுருட்டுவதில் மிகுந்த கவனமாக இருந்தார்.

“சரி. நான் திரும்பிப் போறேன்,” என்றாள்.

“ஒண்ணுமே கிடைக்காத இடத்துக்கு எதுக்கும்மா?” அன்று மாலை தந்தை அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“அங்க தெரியலன்னு சொன்னா, நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காந்து, ‘சரி, சொல்லு’ன்னு கேக்கறாங்கப்பா.”

அவள் போய்விட்டாள். படைத்தவனின் சுவட்டைத் தேடும் தாகம் அவளை விடவில்லை என்கிறார் அதிகாரி. தகப்பனின் பஜனையிலிருந்து தப்பினாள் என்கிறார் மருத்துவர். அவள் போவாள் என்று அப்பவே தெரியும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இனி, வாசகரே, உங்களிடம் ஒரு வார்த்தை. நான் அதிகாரியின் கட்சியா, மருத்துவரின் கட்சியா என்பதை நீங்கள் எப்போதோ முடிவு செய்திருப்பீர்கள். இரண்டாம் பத்தியிலேயே செய்திருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். அது கிடக்கட்டும். அந்தப் பெண் எதைத் தேடினாள் என்பதை இவ்வளவு நேரமும் நான் சொல்லவே இல்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு தடவையாவது தோன்றியதா?

மெல்ல. மூக்குக்கண்ணாடியை இப்போது கழற்ற வேண்டாம்.